கோடு முழுசு, நெட் மட்டும் இல்லை: வைஃபை கேள்வி–பதில்

கேள்வி: போனில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக வருகிறது, பிறகு பழைய கதைதான். இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால் "எங்க பக்கம் லைன் சரியா இருக்கு" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அந்தக் கோடுகளின் பேச்சு ரவுட்டரோடு நின்றுவிடும். போனுக்கு ரவுட்டரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ரவுட்டருக்குப் பின்னால் இணையம் ஓடுகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. பாதை இரண்டு துண்டு: போனிலிருந்து ரவுட்டர் வரை காற்று, ரவுட்டரிலிருந்து வெளியே லைன். எந்தத் துண்டு அறுகிறது என்று பார்க்காமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்குதான்.

பிரித்துப் பார்க்க ஒரு லேப்டாப்பும் பத்து நிமிடமும் போதும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு எதிரே 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஓர் எண் வரும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. இப்போது இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் 'பிங்' கட்டளையை (ஒரு முகவரியைத் தட்டி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) அந்த முகவரிக்குக் கொடுங்கள், இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு. கட்டளையின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால், நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் அது தேவையில்லை, தானாகவே ஓடும். வழக்கமாக எங்கே உட்கார்ந்து தொல்லைப்படுகிறீர்களோ அங்கேயே உட்கார்ந்து ஓடவிடுங்கள்.

ரவுட்டருக்கான ஜன்னலில் 2, 3, 2, 5 மில்லி விநாடி என்று வரவேண்டும். எப்போதாவது 30 தொட்டால் கவலையில்லை. 3, 2, 240, 'டைம்டு அவுட்' (பதில் வரவில்லை), 410, 3 என்று தாறுமாறாக வந்தால் கோளாறு காற்றில்தான். லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டர் ஜன்னல் அமைதியாக 2, 3 என்று ஓடும்போதே 8.8.8.8 ஜன்னலில் மட்டும் பதில் நின்று நின்று வந்தால், கோளாறு ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக ஓடியும் தளங்கள் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. ரவுட்டர் செட்டிங்ஸில் (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் திறக்கும் பக்கம்) டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள். வைஃபை பெயரே மறைந்து, இரண்டு ஜன்னலும் ஒன்றாகச் செத்தால் ரவுட்டரே அணைந்து எழுகிறது. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

இன்னொரு அடையாளம்: ஐபிகான்ஃபிக்கில் உங்கள் லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வைஃபையில் சேர்ந்துவிட்டதாகக் காட்டும், ஒன்றும் வராது.

காற்று என்று முடிவானாலும் ஒரு முறை லேப்டாப்பை கேபிளால் ரவுட்டரில் செருகி அதே சோதனையை ஓட்டிவிடுங்கள். கேபிளிலும் 8.8.8.8 விட்டு விட்டு வந்தால், நேரத்தைக் குறித்து, திரையைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். "வைஃபை வரலை" என்ற புகாருக்கு ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். "கேபிளில் பார்த்தேன், இரவு 9.10-க்கு 100-க்கு 14 பதில் வரவில்லை" என்றால் அப்படித் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிறதே என்றால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. ரீஸ்டார்ட்டில் ரவுட்டர் புதிதாக சேனல் (அலைவரிசைக்குள் அது பேசும் இடம்) தேடும், லைனும் புதிதாக இணையும், உள்ளே தேங்கிய கணக்குகளும் அழியும். மூன்றில் எது மருந்தாக வேலை செய்தது என்று தெரியாது.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பகலெல்லாம் பிரச்சினை இல்லை. இரவு 8 மணியிலிருந்து 11 வரை மட்டும் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. என் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும்.

பதில்: இரவு 9 மணிக்கு முதலில் கேபிள் சோதனை. கேபிளிலும் மந்தம் என்றால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல், வீட்டுக்குள் என்ன செய்தாலும் சரியாகாது. கேபிளில் பறக்கிறது, வைஃபையில் மட்டும் தவழ்கிறது என்றால், சுற்றியுள்ள வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பாலான நாடுகளில் 13 சேனல்கள், சிலவற்றில் 11. எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டர் பேச எடுத்துக்கொள்ளும் அகலமோ 20. அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. சேனல் காட்டும் செயலியைத் திறந்தால் 1-லும் 6-லும் கூட்டம், 4 காலியாகத் தெரியும். "ஆஹா, யாருமே இல்லை" என்று அங்கே போய் உட்காருவார்கள். அது இருப்பதிலேயே மோசமான இடம். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிவதால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து முறைவைத்துப் பேசும். 4-ல் உட்கார்ந்தவருக்கு 1-ன் பேச்சும் 6-ன் பேச்சும் வெறும் இரைச்சல். அவர் பேசும்போதே அவை குறுக்கே பேசும், தகவல் சிதையும், மறுபடி அனுப்பவேண்டி வரும். அண்டை வீட்டாரின் வேகத்தையும் சேர்த்துக் கெடுத்ததுதான் மிச்சம்.

1, 6, 11-ல் எதை எடுப்பது? தலையை எண்ணாதீர்கள், பலத்தைப் பாருங்கள். செயலி காட்டும் எண்கள் மைனஸில் இருக்கும், டிபிஎம் என்ற அளவு. பூஜ்யத்துக்கு அருகில் இருப்பது பலம். ஒவ்வொரு 3 குறையும்போதும் சக்தி பாதியாகிறது. ஒரு சேனலில் மைனஸ் 88-ல் நாலு பேர் முனகுவது, இன்னொன்றில் மைனஸ் 50-ல் ஒருவர் கத்துவதைவிட மேல். கூடவே 2.4-ன் சேனல் அகலம் 'ஆட்டோ' அல்லது 40 என்று இருந்தால் 20-க்கு இறக்குங்கள். 40 வைத்தால் இருக்கும் இடத்தில் பாதியை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

ஆனால் உங்களிடம் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கும்போது 2.4-ல் மல்லுக்கட்டவே வேண்டாம். ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, டிவி, லேப்டாப், போன் ஆகியவற்றை 5-க்கு மாற்றுங்கள். அதில் சேனல்கள் ஏராளம், சுவர்கள் அடுத்த வீட்டுச் சத்தத்தையும் நன்றாக மட்டுப்படுத்தும். அதே சுவர் உங்கள் சிக்னலையும் மட்டுப்படுத்தும் என்பது அதன் மறுபக்கம். வெட்டவெளியிலேயே 2.4-ஐவிட ஏறக்குறைய 7 டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும், கான்கிரீட் சுவர் வந்தால் இன்னும் மோசம். உட்காரும் இடத்தில் மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல எண் வந்தால் வீடியோ கால் தாங்கும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் அந்த அறைக்கு 5 ஒத்துவராது. 5-ல் அகலம் 80 வைக்கலாம், நெருக்கடியான கட்டடத்தில் 40 வைத்தால் உச்ச வேகம் குறையும், தடுமாற்றமும் குறையும். விட்டு விட்டு வருவதுதான் குறை என்றால் நான் 40 பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி: சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் வைஃபை அறுகிறது. அடுப்பில் ஆபத்தான கசிவா?

பதில்: அவசியமில்லை. அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். உள்ளே பல நூறு வாட், உங்கள் ரவுட்டர் பேசுவதோ சுமார் பத்தில் ஒரு வாட். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் கசிந்தாலே ரவுட்டரின் குரல் அமுங்கிவிடும். கதவு சரியாக மூடாமலோ, நெளிந்தோ இருந்தால் மட்டும் அடுப்பைச் சோதிக்கக் கொடுங்கள். மற்றபடி 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தீர்ந்தது.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டமான ஒரு குற்றவாளி உண்டு: யுஎஸ்பி 3 வகை வெளி ஹார்ட் டிஸ்க். அதன் கேபிளும் செருகியும் 2.4-ல் இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கை லேப்டாப்பில் செருகியதும் வைஃபை மந்தமாகி, கம்பியில்லா மவுஸும் தத்தித் தத்திப் போகிறது என்றால் வேறு எங்கும் தேடவேண்டாம். டிஸ்க்கைக் கொஞ்சம் நீளமான, நல்ல உறை போட்ட கேபிளில் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ரவுட்டர் விளக்கு எல்லாம் அணைந்து திரும்ப எரிகிறது. மூன்று வருடப் பழையது. ரவுட்டர் போய்விட்டதா?

பதில்: ரவுட்டர் போவதற்கு முன் பெரும்பாலும் அதன் அடாப்டர்தான் போகும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் வருடக்கணக்காகக் காய்ந்து பலம் இழக்கும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் கொடுக்கும். நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கத் தொடங்கி ரவுட்டர் அதிகக் கரண்ட் கேட்கும்போது வோல்ட் சரியும், ரவுட்டர் மயங்கி எழும். இதனால்தான் மல்டிமீட்டரை வெறும் பின்னில் வைத்து "12 இருக்கிறது, அடாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது செல்லாது. சுமை ஏறும்போது பார்க்கவேண்டும்.

முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்தால் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'அப்டைம்' என்று ஒன்று இருக்கும், கடைசியாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. பல ரவுட்டர்களில் இரண்டு இருக்கும்: ஒன்று ரவுட்டருக்கு, இன்னொன்று வெளி இணைப்புக்கு. முதலாவது 40 நிமிடம் என்று காட்டினால் ரவுட்டரே விழுந்து எழுந்திருக்கிறது. முதலாவது 20 நாள், இரண்டாவது 40 நிமிடம் என்றால் ரவுட்டர் திடமாக நிற்கிறது, லைன்தான் அறுந்து சேர்ந்திருக்கிறது, அடாப்டர் வாங்கி வீணடிக்காதீர்கள்.

அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அச்சுப் பிசகாமல் பழையதில் எழுதியபடியே இருக்கவேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 1 ஆம்பியர் இருந்த இடத்தில் 2 போட்டால் கெடுதல் இல்லை, 1.5-க்குப் பதில் 1 போட்டால் இதே நோய் திரும்ப வரும். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் வட்டக் குறியையும் ஒப்பிடுங்கள். கடைசியாக, பின்னின் உள் துளை. வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டராக இருக்கும் பின்களில் உள் துளை 2.1 ஒரு வகை, 2.5 ஒரு வகை. பார்க்க இரட்டைப்பிள்ளைகள். 2.1-க்கான சாக்கெட்டில் 2.5 பின் உள்ளே போகும், எரியும், ஆனால் ஒயர் கொஞ்சம் ஆடினாலே அணையும். அடாப்டர் புதிது, கோளாறு பழையது என்று குழம்புவீர்கள்.

ரவுட்டரை செட்-டாப் பாக்ஸ் மேல் அடுக்கி வைத்திருந்தால் எடுத்துத் தனியாக வையுங்கள். சூட்டிலும் இதே மாதிரி விழும்.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென்று காணாமல் போகிறது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் தானே வருகிறது. 2.4 அசையவே இல்லை.

பதில்: ரேடார். நகைச்சுவை இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் வானிலை ரேடார் போன்றவற்றோடு பங்குபோடப்பட்டவை. அங்கே ரவுட்டர் விருந்தாளி. பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்கவேண்டும். ரேடார் போல ஏதாவது கேட்டால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்யவேண்டும், 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. உண்மையான ரேடார்தான் வேண்டும் என்றில்லை, ஏதோ ஒரு சத்தத்தை ரேடார் என்று நினைத்து ஓடும் ரவுட்டர்களும் உண்டு.

சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 36, 40, 44, 48-ல் ஒன்றில் நிறுத்துங்கள். அப்படி வைத்த பிறகும் பெயர் மறைகிறது என்றால் அகலத்தைப் பாருங்கள். 160 மெகாஹெர்ட்ஸ் வைத்திருந்தால், 36-ல் தொடங்கினாலும் அது 64 வரை படுத்துக்கொள்ளும், அதாவது பாதி உடம்பு ரேடார் பகுதியில். 80-க்கு இறக்கினால் 48-ஓடு நின்றுவிடும்.

கேள்வி: ஹாலில் ரவுட்டர். கடைசிப் படுக்கையறையில் சிக்னல் இல்லாததால் ஒரு ரிப்பீட்டர் வாங்கி அந்த அறையிலேயே செருகினோம். இப்போது கோடு முழுசு, வேகம் முன்பைவிட மோசம். பழைய ரவுட்டர் ஒன்றும் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: சிக்னல் எட்டாத இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால் அதற்கும் எட்டாது. காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? போனில் நீங்கள் பார்க்கும் முழுக்கோடு ரிப்பீட்டரின் குரல். ரவுட்டருக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள இணைப்போ உயிரில்லாமல் கிடக்கிறது. பாதி வழிக்கு இழுத்து, ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 60 அளவில் கிடைக்கும் இடத்தில் செருகுங்கள். அப்போதும், ஒரே ரேடியோவால் கேட்டு அதே ரேடியோவால் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் அதிகபட்சம் பாதிதான்.

சும்மா கிடக்கும் ரவுட்டர்தான் நல்ல வழி, ஹாலிலிருந்து அந்த அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுக்க முடிந்தால். வேலையின் வரிசை முக்கியம், மாறினால் நடுவழியில் ரவுட்டருக்குள் நுழைய முடியாமல் நிற்பீர்கள்.

பழைய ரவுட்டரின் ரீசெட் துளையைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்துப் பழைய அமைப்புகளை அழியுங்கள். முக்கிய ரவுட்டரோடு இணைக்காமல், லேப்டாப்பை அதன் 'லான்' துளையில் (வீட்டுக் கருவிகளுக்கானது) செருகி உள்ளே போங்கள். முதலில் வைஃபை: பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றும் ஹால் ரவுட்டரில் உள்ளது போலவே. 2.4 சேனல் மட்டும் வேறு, அங்கே 1 என்றால் இங்கே 11. அடுத்து அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். ஹால் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. ஹால் ரவுட்டர் மற்ற கருவிகளுக்கு விநியோகிக்கும் எண் வரிசை 2-லிருந்தே தொடங்குகிறதா என்று பார்த்து, அப்படியானால் வரிசைக்கு வெளியே வேறு எண் கொடுங்கள். சேமித்ததும் தொடர்பு அறும், புது முகவரியில் திரும்ப நுழையுங்கள். கடைசியாக டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி விநியோகிக்கும் வேலை) அணையுங்கள். இதைத்தான் மறப்பார்கள். மறந்தால் வீட்டில் முகவரி கொடுக்க இரண்டு பேர், சில கருவிகள் தப்பான ஆளிடம் வாங்கிக்கொள்ளும், "ஒரு போனில் வருது, ஒரு போனில் வரலை" என்ற விசித்திர நோய் தொடங்கும்.

பிறகு ஹால் ரவுட்டரின் லானிலிருந்து பழைய ரவுட்டரின் லானுக்குக் கேபிள். வெளி லைனுக்கான 'வான்' என்ற துளையைத் தொடாதீர்கள். செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் முகவரி, டிஹெச்சிபி வேலை எல்லாம் அந்த ஒரே தேர்வில் முடிந்துவிடும்.

படுக்கையறைக்குப் போன பிறகும் போன் ஹால் ரவுட்டரையே கட்டிக்கொண்டு அழுகிறதா? எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் போன்தான். இரண்டு ரவுட்டரின் ஒலிபரப்புச் சக்தியையும் 'மீடியம்' ஆக்குங்கள். ஹாலின் குரல் தேயத் தேய போன் தானே கைவிடும்.

கேபிளுக்கு வழியே இல்லை என்றால் மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் அமைப்பு. அதிலும் இரண்டாவது பெட்டியை இருட்டுமூலையில் வைக்காமல் பாதி வழியில் வைக்கவேண்டும்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டரில் கேபிள் போட்டுப் பார்த்தாலும் 94-ஐத் தாண்டவே இல்லை. வேகத்தைத் திருடுகிறார்களா?

பதில்: 94 என்ற எண்ணே கைரேகை. 100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில், தலைப்புத் தகவல்கள் (ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகும் முகவரி போன்ற விவரங்கள்) போக மிஞ்சுவது சுமார் 94. நெட்வொர்க் கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பிகள். 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். ஒரு கம்பி அறுந்தாலும், கிளிப்பில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும், பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலை செய்யும். கேட்-5ஈ அல்லது கேட்-6 கேபிள் மாற்றிப் பாருங்கள். லேப்டாப்புக்குப் போவது மட்டுமல்ல, ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு குட்டிக் கேபிள் இருந்தால் அதையும். இரண்டும் சரியென்றால், ரவுட்டரின் துளைகளே 100-க்கானவையா என்று பாருங்கள்.

கேள்வி: வேலை மீட்டிங் நடுவே என் குரல் உடைகிறது. யாராவது போனில் படங்கள் பேக்கப் ஆகும்போதுதான் இது நடக்கிறது என்று கண்டுபிடித்தேன். வேகமோ போதுமான அளவு இருக்கிறது.

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வேகம் போதாமை அல்ல, வரிசை நீளம். பேக்கப், அப்லோட் பாதையை முழுக்க நிரப்புகிறது. மோடம் எதையும் கீழே போடாமல் தன் கிடங்கில் அடுக்கி வைக்கிறது. உங்கள் குரல் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வருகிறது. 8.8.8.8-க்கு பிங் ஓடவிட்டு ஒரு பெரிய கோப்பை அப்லோட் செய்யுங்கள். 20 மில்லி விநாடி 600, 900 என்று ஏறினால் இதுவேதான்.

ரவுட்டரில் 'எஸ்க்யூஎம்' அல்லது 'க்யூஓஎஸ்' என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் போட்டு, அப்லோட் வரம்பை நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் கொடுங்கள். 20 அளந்தால் 17 அல்லது 18. இந்தச் சிறு தியாகத்தால் வரிசை மோடத்திலிருந்து ரவுட்டருக்கு நகர்கிறது. ரவுட்டருக்குச் சின்னப் பொட்டலங்களை முன்னே விடத் தெரியும். எண் கொடுக்காமல் 'ஆன்' மட்டும் செய்தால் பல ரவுட்டர்களில் பலன் இருக்காது. வசதியே இல்லாத ரவுட்டரா? பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு லைன் கிடையாது, சிம் போட்ட 4ஜி ரவுட்டர். ஒரு நேரம் 40 வருகிறது, ஒரு நேரம் 2. எங்கே வைத்தால் நிலையாக வரும்?

பதில்: கோடுகளை மறந்துவிட்டு ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள். 'ஆர்எஸ்ஆர்பி' டவரின் பலம். மைனஸ் 80-க்கு மேல் அருமை, மைனஸ் 100 வரை சமாளிக்கலாம், மைனஸ் 110-க்குக் கீழே திண்டாட்டம். 'எஸ்ஐஎன்ஆர்' அந்தக் குரல் இரைச்சலைவிட எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. 20-க்கு மேல் அருமை, 10 பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் நெட் பெயருக்குத்தான்.

ரவுட்டரை ஒவ்வொரு ஜன்னலாக, ஒரு மீட்டர் ஒரு மீட்டராக நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் விட்டு இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பலம் அதிகமுள்ள இடமும் தெளிவு அதிகமுள்ள இடமும் வேறாக வந்தால் தெளிவின் பக்கம் போங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் போட்ட கண்ணாடி சிக்னலையும் தடுக்கும். அந்த ஜன்னலைத் திறந்து வைத்தும் ஒரு முறை அளக்கலாம். இரண்டு எண்ணும் மாறாமல் மாலையில் வேகம் மட்டும் விழுந்தால் டவரில் கூட்டம். ரவுட்டரை எங்கே தூக்கி வைத்தும் தீராது, வேறு பேண்ட் (டவரின் வேறு அலைவரிசை) அல்லது வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: வீட்டில் எல்லாக் கருவியும் நன்றாக ஓட, என் விண்டோஸ் லேப்டாப் மட்டும் தூங்கி எழுந்தால் வைஃபையை விடுகிறது.

பதில்: அப்படியானால் ரவுட்டரைத் தொடாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள், உங்கள் வைஃபை, ப்ராப்பர்டீஸ், அதில் 'பவர் மேனேஜ்மென்ட்'. மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியின் டிக்கை எடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு அடிக்கடி சிவப்பாகிறது.

பதில்: ஒளி வந்து சேரவில்லை. பெட்டிக்குப் பின்னால் அந்த மெல்லிய ஒயர் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா பாருங்கள். 3 சென்டிமீட்டர் ஆரத்தைவிட நெருக்கமாக வளைக்காதீர்கள். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்து சேரும் ஒளியின் பலம், டிபிஎம் அளவில்) தெரிந்தால் பொதுவாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருக்கவேண்டும். மைனஸ் 26, 27-ல் ஊசலாடினால் எண்ணைச் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள். செருகியைக் கழற்றி முனையைத் தொடவோ, கண்ணுக்கு நேரே பிடிக்கவோ வேண்டாம். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

கேள்வி: வேகம் அளக்கும் தளம் 100 காட்டுகிறது. டவுன்லோடு மட்டும் எப்போதும் 12 தான். எதை மாற்றவேண்டும்?

பதில்: ஒன்றையும் மாற்றவேண்டாம். தளம் காட்டுவது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.